வண்டிக் கொட்டிலுக்குள் தீத்திய சோறு

எங்கள் ஊர்த் தமிழர் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். பதினேழு வருடம் குழந்தைகள் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகள் பகலை எப்படிக் கழிக்கிறார்கள், என்ன பழகுகிறார்கள் என்று இனிமையாக நாலு பக்கம் எழுதித் தரும்படி சொன்னார்கள். கேட்டவர் ஒன்றியத்தின் செயலாளர். நான் அந்த வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால், "என்ன அண்ணை, இண்டைக்கு எத்தினை பேருக்குக் கழுவி விட்டனீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தவரும் இதே மனிதர்தான். எழுதுகிறேன். இனிமை வராது. விருப்பமென்றால் போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

பிராண்டேயில் காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் நின்றேன். முதுகு போனது. குனிந்து நிமிர முடியாதவனை வேலை தேடித் தரும் அலுவலகம் எங்கே அனுப்பியது தெரியுமா? நாள் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டிய இடத்துக்கு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் நிலையம் அது. டெனிஷில் வுகஸ்தூவ என்பார்கள். முதலில் பயிற்சி, பிறகு தற்காலிகம், பிறகு ஒரு சின்னப் படிப்பு, பிறகு நிரந்தரம். படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியைகளுக்குக் கீழே உதவியாளன். அங்கே நான்தான் ஒரே ஆண், ஒரே தமிழன். இராசநாயகம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு வாய் வராது, றாசா என்றார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட, ஐம்பது வயதுக்காரன் ஓடிப் போனேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையைச் சொன்னால், எங்கள் ஆட்கள் எவரும் என்னை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

எங்கள் தலைவியின் பெயர் பிர்கிற்றா. நெடுத்த பெண், கட்டையாக வெட்டிய நரை முடி, கையில் எப்போதும் ஆறிப்போன கோப்பி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒருவரையும் 'செய்யாதே' என்று சொல்லமாட்டார். பிழை விட்டவருக்குப் பக்கத்தில் வந்து, முழங்காலை மடக்கிக் குந்தி, பிள்ளைகளோடு பேசுகிற அதே தாழ்ந்த குரலில், "நீ என்ன நினைக்கிறாய், றாசா?" என்று கேட்பார். நான் நினைக்க வேண்டியதை அவர் ஏற்கெனவே நினைத்து முடித்திருப்பார். 'சுவாரசியமாக இருக்கிறது' என்று சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொழிற்சாலையில் ஏசிவிட்டு அடுத்த நிமிடம் சிகரெட் நீட்டும் ஆட்களோடு பழகியவனுக்கு இந்தக் குரல் பிடிபட இரண்டு வருடம் சென்றது.

முதல் பனிக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியே போவதற்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பஞ்சு வைத்த பனி உடுப்பு மாட்ட வேண்டும். காலும் கையும் ஒன்றாகத் தைத்த முழு உடுப்பு. நான் கடகடவென்று நாலு பேருக்கு மாட்டி, சப்பாத்தும் போட்டு வரிசையாக நிறுத்திவிட்டு, பெருமையோடு பார்த்தேன். பிர்கிற்றா வந்தார், குந்தினார். எமில் என்ற பொடியனின் சப்பாத்தைக் கழற்றினார். உடுப்பையும் கழற்றினார். அவனைத் திரும்பவும் காலுறையோடு நிலத்தில் இருத்திவிட்டு என்னைப் பார்த்து, "அவனுடைய வேலையை நீ எடுத்துவிட்டாய்" என்றார்.

பிறகு முறையைக் காட்டினார். உடுப்பை நிலத்தில் மல்லாக்க விரிக்க வேண்டும், சிப் திறந்திருக்க வேண்டும். பிள்ளை அதன் இடுப்புப் பகுதியில் வந்து குந்தும். ஒரு கால், பிறகு மற்றக் கால், பிறகு எழும்பி நின்று கைகள். சிப்பின் அடி முனையைக் கோத்து விடுவது மட்டும் எங்கள் வேலை, மேலே இழுப்பது பிள்ளையின் வேலை. நாடியை உயர்த்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கழுத்துத் தோல் சிப்புக்குள் சிக்கும். கையுறை கடைசியில். "என் கைகளை எங்கே வைக்கிறது?" என்று எரிச்சலோடு கேட்டேன். "தொடைக்குக் கீழே" என்றார். பகிடி இல்லை. சின்ன முக்காலியில் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்து, எமில் ஒரு சப்பாத்துப் போடுவதைப் பதினொரு நிமிடம் பார்த்தேன். கால் மாறிப் போட்டான். பிர்கிற்றா 'கெட்டிக்காரன்' என்றெல்லாம் சொல்லவில்லை. "போட்டுவிட்டாய்" என்றார். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏதோ விளங்கியது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏழு வயது வரை நான்தான் சப்பாத்து மாட்டினேன்.

ஒரு நாள் முழுவதுமே அப்படித்தான். காலையில் பெற்றோர் போகும்போது பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டு போய்க் கை காட்ட வைப்போம். ஒளித்துக்கொண்டு போக எவரையும் விடமாட்டோம். பிள்ளை அழட்டும், ஆனால் அம்மா போவதைப் பார்த்துவிட்டு அழட்டும். ஒன்பது மணிக்குப் பழமும் பாட்டும். உடுப்பு மாற்றும் மேசைக்கு ஒரு சின்ன ஏணி இருந்தது, நடக்கத் தெரிந்தவர்கள் தாங்களே ஏறுவார்கள். என் முதுகு தப்பியது அதனால்தான். பதினொரு மணிக்குச் சாப்பாடு. றை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த பாண், ஈரல் பசை, வெள்ளரித் துண்டு, மீன். சின்னக் குவளையில் தண்ணீரைத் தாங்களே வார்ப்பார்கள், சிந்தினால் துடைக்கத் துணி கொடுப்போம். கரண்டி பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எவரும் தீத்தக் கூடாது. ஊட்டுவதை யாழ்ப்பாணத்தில் தீத்துவது என்போம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். துரத்தக் கூடாது, கெஞ்சக் கூடாது, அம்மாவுக்கு ஒரு வாய் அப்பாவுக்கு ஒரு வாய் என்று ஏமாற்றக் கூடாது. பசித்த பிள்ளை சாப்பிடும், பசியாத பிள்ளை சாப்பிடாது. முடிந்ததும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையில், ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'சாப்பிட்டது', 'கொஞ்சம்', 'இல்லை' என்று வெவ்வேறு நிறத்தில் அடையாளம் இடுவோம். இப்போது அது தொலைபேசி வழியாகப் பெற்றோருக்கு உடனுக்குடன் போகிறதாம். அடையாளம் போடுகிறவன் பொய் சொன்னால் பொய்யும் உடனுக்குடன் போகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை. அதுவும் வெளியே. முற்றத்தில் பலகையால் கட்டிய ஒரு கொட்டில், பூனை புகாமல் ஒரு கதவு, உள்ளே கனமான தள்ளுவண்டிகள் வரிசையாக. பனி கொட்டினாலும் பிள்ளைகள் அதற்குள்தான் மூக்கு மட்டும் தெரியப் படுப்பார்கள். தாளில் எங்கள் அறைக்கு நான்கு ஊழியர். ஒருவர் கூட்டத்தில், ஒருவர் சுகவீனத்தில், வேலையில் நிற்பது இரண்டு பேர். அதனால் ஒருவர் உள்ளே மேசை துடைக்க, மற்றவர் தனியாகக் கொட்டிலுக்குள் படுக்க வைப்பார். அது என் வேலையாகிவிட்டது. என் மடியில் பிள்ளைகள் சீக்கிரம் அடங்குவார்கள் என்று பெயர்.

நான் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, சகானா பதினொரு மாதக் குழந்தையாக வந்தாள். எங்கள் நிலையத்துக்கு வந்த முதல் தமிழ்ப் பிள்ளை. தாய் சுபா கலியாணம் முடித்து இங்கே வந்தவர், முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை, டெனிஷ் மட்டுமட்டு. ஒன்பது வருடம் காத்திருந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை. முதல் வாரமே உடுப்பு மாட்டும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இவையள் பிள்ளையைப் பட்டினி போடுவினம். அவ தன்ர பாட்டில தின்னமாட்டா. நீங்கள் ஒரு வாய் தீத்தி விடுங்கோ."

"இஞ்ச அப்பிடி ஏலாது தங்கச்சி. கொஞ்ச நாளில பழகிடுவா. எல்லாப் பிள்ளையளும் பழகுதுகள்."

நல்லபடியாகத்தான் சொன்னேன். ஆனால் சகானா பழகவில்லை. பாணை வாயில் வைத்துவிட்டு அப்படியே இருப்பாள், பிறகு கையில் எடுத்து மேசையில் வைப்பாள். அழவும் மாட்டாள். மூன்று வாரம் பலகையில் 'இல்லை', 'இல்லை', 'கொஞ்சம்', 'இல்லை'. சுபா ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று, எழுத்தை வாசிக்காமலே நிறத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார். ஒரு நாள் பையிலிருந்து ஒரு சின்னச் சுடுசோற்றுப் போத்தலை எடுத்து என் மேலங்கிப் பைக்குள் வைத்தார். குழையக் காய்ச்சிய சோறும் பருப்பும், மாவு மாதிரி அரைத்தது. "ஆருக்கும் தெரிய வேண்டாம் அண்ணை. உங்கட பேரப்பிள்ளை எண்டு நினைச்சுத் தீத்துங்கோ."

அன்று கொட்டிலுக்குள், மற்றப் பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு, அவளை மடியில் வைத்து ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தேன். விழுங்கினாள். இன்னொரு விரல். அதையும் விழுங்கினாள். போத்தல் முடிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பதினேழு வருடத்தில் அவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் வரவில்லை. உள்ளே போய்ப் பலகையில் 'சாப்பிட்டது' என்று போட்டேன். பதினொரு பிள்ளைகளுக்கு அந்த முறையை நம்பினேன், எங்கள் பிள்ளை என்று வந்ததும் நம்பவில்லை. அதுதான் என் லட்சணம்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்பார்களே, நான் சோற்றையே மறைத்தேன். மேசையில் அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்தான் இருப்பேன். தட்டில் உள்ளதைக் கிளறி விடுவேன், பிறகு கழிவு வாளிக்குள் தட்டுவேன்.

ஒரு தை மாதம், நல்ல குளிர், கொட்டில் கதவு திறந்தது. பிர்கிற்றா. என் மடியில் சகானா, கையில் போத்தல், விரலில் சோறு. அவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அன்று பின்னேரம் ஆறிய கோப்பியோடு வந்து, இந்த முறை குந்தாமல் நின்றபடியே, "சகானா உன்னிடம் நன்றாக இருக்கிறாள், றாசா" என்றார். அதற்குப் பிறகு கொட்டில் பக்கம் வரவில்லை. ஆள் பற்றாத நிலையத்தில் அழாத பிள்ளை ஒரு வரப்பிரசாதம். நானும் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வயதில் பேச்சுக்கு ஒரு படிவம் நிரப்புவார்கள். சகானா எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. 'ம்', 'ன்' என்று மூக்கால் ஒரு முனகல் மட்டும். ஆசிரியை என்னிடம் கேட்டார், வீட்டில் தமிழ் பேசுகிறாளா என்று. நான் சுபாவிடம் கேட்டேன். "வாய் ஓயாமல் கதைக்கிறா அண்ணை" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்தது. கொம்மூன் என்கிற நகரசபை பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் எங்கள் வீடுகளில் பால்மாவோடு சேர்த்துக் கரைக்கப்படுகிறது. நானும் அந்த வீடுகளில் ஒருவன்தானே. "ஓம், தமிழில் பேசுகிறாள்" என்று டெனிஷில் சொன்னேன். 'இரு மொழிப் பிள்ளை, பொறுத்துப் பார்க்கலாம்' என்று எழுதிப் படிவத்தை மூடினார்கள். குடும்ப வைத்தியர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, நிலையத்தில் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று தகப்பன் சொன்னாராம். பலகையில் அப்படித்தானே இருந்தது.

பிறகு எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. நாலு வாரம் வீட்டில். சுபா தவித்துப் போய், இரண்டாம் நாளே போத்தலை ஒரு ஆசிரியையிடம் நீட்டி, கொட்டிலைக் காட்டி, "றாசா செய்கிற மாதிரி" என்று தெரிந்த டெனிஷில் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்தது. ஆள் இல்லாததால் அந்த வாரம் சமையற்கார லோனாவை மேசையில் இருத்தியிருந்தார்கள். பட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை, உருளைக்கிழங்கு உரிக்கிற பெண். லோனா சகானாவுக்குத் தயிர் கொடுத்திருக்கிறார். தயிர் மூக்கால் வந்தது. அடுத்த நாளும் வந்தது. லோனா பிள்ளையின் வாயைத் திறக்க வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, நேரே பிர்கிற்றாவின் அறைக்குப் போய், "இது தடிமன் சளி இல்லை. என் தம்பியின் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது. டொக்டரிடம் அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

மேலண்ணத்தின் பின்பக்கம் தசை சேராமல் பிறந்திருக்கிறாள். தோல் மூடியிருந்ததால் பிறந்தபோது எவர் கண்ணிலும் படவில்லை. அதனால்தான் பாணை விழுங்கவும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கி, கேட்கிறதும் பாதிதான். பேச்சு பழகும் வயதுக்கு முன்பே பார்த்திருந்தால் இவ்வளவு கடினமாகியிருக்காது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்த ஒரு வருடம் என் விரலில் ஒட்டியிருந்தது.

நான் திரும்பி வந்த முதல் நாள் காலை என் விசாரணை. சின்ன அறை, மேசையில் ஒரு மெழுகுதிரி, கோப்பி, கறுவாப்பட்டை போட்ட இனிப்புப் பணிஸ். இந்த நாட்டில் ஆளைத் தூக்கிலிடுவதென்றாலும் முதலில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். கொம்மூனிலிருந்து ஒரு பெண், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர், பிர்கிற்றா. 'அறிவுறுத்தலுக்கு மாறாக, குடும்பத்தின் அதே பின்னணியைச் சேர்ந்த ஊழியர் ஒருவர்' என்று தாளிலிருந்து வாசித்தார்கள். பெயர் கூட இல்லை, பின்னணிதான் இருந்தது.

"நீ என்ன நினைக்கிறாய், றாசா?" என்று பிர்கிற்றா கேட்டார்.

"நீங்கள் பார்த்தீர்கள்" என்றேன். "தை மாதம் கதவைத் திறந்து பார்த்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன்."

அவர் குரலில் ஒரு நூல் கூட மாறவில்லை. "நீ ஒரு பிள்ளையை நித்திரையாக்குவதைப் பார்த்தேன்" என்றார்.

கொம்மூன் பெண் அதை எழுதினார். சங்கத்து ஆள் பணிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைப் பிரட்டியிருப்பேன். பிரட்டவில்லை. வீட்டுக்கடன் இருந்தது, ஓய்வூதியத்துக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். இனிமேல் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசையில் நான் இருக்கக் கூடாது. அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, பதினொரு மணிக்குப் பிள்ளைகள் மேசைக்குப் போகும்போது நான் முற்றத்தில் வாளியும் மண்வெட்டியும் பொறுக்கினேன். "றாசா, வா" என்று உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள். கேட்காத மாதிரி நிற்பேன். என் பிரிவுபசார விழாவில் பிர்கிற்றா கேக் வெட்டி, நான் இந்த நிலையத்தின் சூடான கைகள் என்று பேசினார். இங்குள்ள வழக்கப்படி எல்லோரும் சின்ன டெனிஷ் கொடி அசைத்தார்கள். அவரை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிக்கப் போவதில்லை.

ஊருக்குள் கதை வேறு மாதிரிப் பரவியது. ஒரு தமிழ்ப் பிள்ளைக்குப் பசிக்குச் சோறு கொடுத்ததற்காக வெள்ளைக்காரர் இராசநாயகத்தைப் பழிவாங்கிவிட்டார்கள் என்று. முன்பு கழுவுகிற வேலை என்று சிரித்த வாய்களெல்லாம் "எங்கட அண்ணைக்கு நடந்த அநியாயம்" என்றன. செயலாளர் இந்தக் கட்டுரையில் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் நான் அதை மறுக்கவில்லை. தேள் கொட்டிய கள்ளன் மாதிரி வாயை மூடிக்கொண்டு அந்த அனுதாபத்தை வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். அதை என் மனைவிக்கும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் பெற்றோரோடு கூட்டம் நடந்தது. நானும் இருக்க வேண்டும் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், அது மேசை நடுவில் இருந்தது. கொம்மூன் பெண் சுபாவிடம் கேட்டார்: பிள்ளைக்கு மூக்கால் சாப்பாடு வருவதை முன்பு கவனித்தீர்களா, நிலையத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். சுபா நிலத்தைப் பார்த்தபடி, "இல்லை. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை. நான் கவனிக்கேல்லை" என்றார். அது பொய்.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம், உடுப்பு மாட்டும் இடத்தில் சுபா என்னைக் கேட்டார்.

"அண்ணை, பிள்ளைக்கு மூக்கால சோத்துத் தண்ணி வருது. வீட்டையும் வருது. டொக்டரிட்டக் காட்டட்டோ?"

கொட்டிலுக்குள் என் மடியிலும் அவளுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது. கிழமைக்கு இரண்டு தரம், மூன்று தரம். மஞ்சளாக, பருப்புத் தண்ணி. கடதாசித் துணியால் துடைத்துவிட்டு அடுத்த விரலை வைப்பேன். அது சரியில்லை என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. பத்து வருடம் பிள்ளைகளோடு இருந்தவனுக்குத் தெரியாதா?

"அது புரைக்கேறிறது தங்கச்சி" என்றேன். "எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான். நான் எத்தினை பிள்ளையளைப் பாத்தனான். டொக்டரிட்டப் போனா ஆர் தீத்தினது, எங்க தீத்தினது எண்டு நோண்டுவினம். பிறகு கொம்மூன் வரும். உமக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்."

"அப்ப வேண்டாம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி" என்றார்.

பயிற்சி பெற்றவன் என்று நம்பிக் கேட்ட ஒரு தாயிடம், என் வேலையைக் காப்பாற்ற அப்படிச் சொன்னேன். பாசத்தால் செய்தேன் என்று தீத்தியதற்கு வேண்டுமானால் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. பிர்கிற்றா ஒரு கதவைச் சாத்தினார், நானும் ஒன்றைச் சாத்தினேன், அவருடையதைவிட இறுக்கமாக. அந்தக் கூட்டத்தில் சுபா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலை அன்றே போயிருக்கும். தன் பிள்ளைக்கு வினை செய்தவனை, 'அண்ணை' என்று கூப்பிட்ட ஒரே காரணத்துக்காகக் காப்பாற்றினார். தான் கவனிக்காத தாய் என்று அந்தத் தாளில் எழுத விட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர், "வேறு யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை.

அவர்கள் பிறகு ரண்டர்ஸுக்கு வீடு மாறிப் போனார்கள். சகானாவுக்கு இரண்டு சத்திரசிகிச்சை நடந்தது, காதுக்குக் குழாய் வைத்தார்கள், பேச்சுப் பயிற்சி இன்றைக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை ரண்டர்ஸில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, "அண்ணை" என்று குரல் கேட்டது. சுபா. பக்கத்தில் நெடுத்து மெலிந்த ஒரு பிள்ளை, ஒன்பது வயது, இரட்டைப் பின்னல். "இவர்தான் றாசா மாமா. சின்னனில உம்மைப் பாத்தவர்" என்று அறிமுகம் செய்தார்.

சகானா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு டெனிஷில் ஏதோ சொன்னாள். நீளமான வாக்கியம். சொற்கள் எல்லாம் மூக்குக்குள் போய் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்னம்மா?" என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. திரும்பவும் சொன்னாள், இந்த முறை மெதுவாக. அப்போதும் விளங்கவில்லை. மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை மடக்கி மடக்கி, விளங்காதவர்களிடம் பேசிப் பழகிய பொறுமையோடு சொன்னாள். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்து, விளங்கியது போலப் பலமாகத் தலையாட்டினேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி டெனிஷில், "அவருக்கு விளங்கவில்லை" என்றாள். அது மட்டும் எனக்கு விளங்கியது.

"விளங்கினது அம்மா" என்றார் சுபா, மகளின் பின்னலைச் சரிசெய்தபடி. "மாமாவுக்கு விளங்கினது. என்ன அண்ணை?"

நான் "ஓம்" என்றேன்.